கிட்டாரின் கழுத்தில் புலிக்கோடு வந்தது எப்படி?

இசைக்கருவிக் கடைக்குப் போனால் நாம் எல்லாரும் கிட்டாரின் முன்பக்கத்தைத்தான் பார்ப்போம். அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்டு ஒன்றைக் கையில் வாங்கி, கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலான கிட்டார்களில் அது நேரான மெல்லிய ரேகைகள் கொண்ட சாதாரணப் பழுப்பு மரமாக இருக்கும். சிலவற்றில் மட்டும் புலியின் உடலில் உள்ளது போன்ற குறுக்குக் கோடுகள் வரிசையாக ஓடும். கிட்டாரைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தக் கோடுகள் நகரும். இருண்டிருந்த கோடு பளிச்சிடும். பளிச்சிட்ட கோடு இருண்டு போகும்.

விரலால் தடவிப் பார்த்தால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணாடி போல் வழவழவென்று இருக்கிறது. சாயம் பூசிய கோடு என்றால் சாய்க்கும்போது நகராது. அப்படியானால் இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

மரத்தின் உள்ளே ஓடும் நார்கள் வளைந்து நெளிந்திருப்பதுதான் காரணம். அந்த நெளிவுக்காகவே சில கிட்டார்களின் விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட் கூடுகிறது. ஆனால் கிட்டாரின் கழுத்து என்பது நார்கள் நேராக ஓட வேண்டிய இடம். அழகு கேட்பது ஒன்று, வலிமை கேட்பது வேறொன்று. கிட்டார் செய்பவர்கள் இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மரம் ஒரு குழாய்க் கட்டு

உறிஞ்சுகுழல்கள் ஆயிரத்தை ஒன்றாகச் சேர்த்து இறுகக் கட்டியதாகக் கற்பனை செய்யுங்கள். மரமும் ஏறத்தாழ அப்படித்தான். அதன் உயிரணுக்களில் பெரும்பாலானவை அடிமரத்திலிருந்து உச்சியை நோக்கி நீண்டு கிடக்கும் மெல்லிய குழாய்கள். மேப்பிள் போன்ற மரத்தில் ஒரு நாரின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அகலமோ தலைமுடியைவிடக் குறைவு.

இந்தக் குழாய்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் குழாயின் நீளவாக்கிலேயே சுற்றப்பட்டிருக்கின்றன. அதனால் மரம் நீளவாக்கில் மிக விறைப்பாகவும், குறுக்குவாக்கில் தளர்வாகவும் இருக்கும். மேப்பிள், மஹோகனி ஆகிய இரண்டிலும் நீளவாக்கு விறைப்பு, குறுக்குவாக்கு விறைப்பைப் போல் ஏறத்தாழ 8 முதல் 15 மடங்கு.

மூங்கிலில் செய்த சாத்தே குச்சியை எடுத்துப் பாருங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்து அதை அறுக்க யாராலும் முடியாது. ஆனால் நுனியில் நகத்தை வைத்து நெம்பினால் நீளவாக்கில் சட்டென்று பிளந்துவிடும். மூங்கில் மரமல்ல, புல் வகை. இருந்தாலும் நார்களின் திசைதான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

கோடு தெரிவது ஏன்?

இப்போது நார்கள் நேராக ஓடாமல் கடலலை போல் மேலும் கீழுமாக நெளிந்து ஓடும் ஒரு மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தச்சர் அதை அறுத்து, இழைப்புளியால் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தட்டையாக்குகிறார். மேற்பரப்பு தட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் நார்கள் தட்டையாகவில்லை. ஓரிடத்தில் நார் மேற்பரப்பை நோக்கி ஏறுகிறது, அடுத்த இடத்தில் உள்ளே இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

ஒவ்வொரு நாரின் சுவரும் ஒரு குட்டிக் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஏறும் சரிவில் உள்ள நார்கள் விளக்கொளியை உங்கள் கண்ணுக்கு அனுப்பினால் அந்தப் பட்டை பளிச்சிடும். இறங்கும் சரிவில் உள்ளவை அதே ஒளியை வேறு பக்கம் அனுப்பிவிடும். அங்கே அறுபட்ட குழாய் வாய்களுக்குள்ளும் கொஞ்சம் ஒளி புகுந்து தொலைந்துபோகும். அந்தப் பட்டை இருளும். கிட்டாரைச் சாய்த்தால் சரிவுகளின் கோணம் மாறுகிறது. இருண்ட பட்டையின் முறை வருகிறது; அது பளிச்சிடுகிறது.

நவரத்தினங்களில் ஒன்றான வைடூரியத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கல்லைத் திருப்பும்போது நடுவில் ஓர் ஒளிக்கோடு பூனைக்கண் போல நகரும். கல்லுக்குள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும் ஊசி போன்ற நுண்ணிய அமைப்புகள் ஒளியைத் திருப்புவதால் அது நிகழ்கிறது. மரத்தில் அந்த வேலையைச் செய்வது நார்கள்.

வார்னிஷ் பூசிய பிறகு கோடு இன்னும் ஆழமாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. இழைத்த மரத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு இடைவெளிகளில் காற்று நிரம்பியிருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. செல்லுலோஸின் எண் ஏறத்தாழ 1.5. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒளி மேலேயே சிதறிவிடுகிறது. எண்ணெயோ வார்னிஷோ அந்த இடைவெளியை நிரப்பினால், அதன் எண்ணும் 1.5ஐ ஒட்டியே இருப்பதால், சிதறல் குறைந்து ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது. வடை மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி ஆகிறதே, அதே கதைதான்.

செய்து பாருங்கள்

தேவை: பென்சில் 6, பளபளப்பான சாட்டின் ரிப்பன் ஒரு முழம், கைவிளக்கு.

பென்சில்களைச் சிறு இடைவெளி விட்டு மேசையில் வரிசையாக அடுக்குங்கள். அவற்றின் மேல் ரிப்பனைக் குறுக்காகப் போட்டு, ஒவ்வோர் இடைவெளியிலும் விரலால் அழுத்தி அலை அலையாக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கை அடியுங்கள். பளிச்சென்ற பட்டையும் இருண்ட பட்டையும் மாறி மாறித் தெரியும். கைவிளக்கை மெதுவாக எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பட்டைகள் இடம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ரிப்பனில் அலை மேற்பரப்பிலேயே இருக்கிறது. மரத்தில் அது தட்டையான மேற்பரப்புக்கு அடியில், நாரின் போக்கில் இருக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள்.

நார் ஏன் நெளிகிறது?

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. மரம் பருமனாவது இந்தப் படலத்தால்தான். இது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உருவாக்கிக்கொண்டே போகிறது. கேம்பியத்தின் உயிரணுக்கள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றனவோ, அவை உருவாக்கும் நாரும் அதே திசையில் சாய்கிறது.

சில மரங்களில் இந்த உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாகத் திசை மாறுகின்றன. ஒரு கூட்டம் வலப்பக்கம் சாயும். அதற்கு மேலே உள்ள கூட்டம் இடப்பக்கம் சாயும். போலந்து நாட்டுத் தாவரவியலாளர் ஸிக்முன்ட் ஹெய்னோவிச் 1970களில் இந்தக் கூட்டங்களை ஆராய்ந்தார். அவை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல மரத்தின் நீளவாக்கில் மெதுவாக நகர்கின்றன என்றும் காட்டினார். அந்த நகர்வின் பதிவே மரத்துக்குள் அலையாகத் தங்கிவிடுகிறது.

ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒன்று நெளிநாராகவும் மற்றொன்று நேர்நாராகவும் இருப்பது ஏன் என்பதற்கு மரபணுவும் ஒரு காரணம். வடக்கு ஐரோப்பாவின் கரேலியப் பிர்ச் மரத்தில் இந்தப் பண்பு விதை வழியாகவே ஓரளவு அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மரத்தின் எடையும் வளைவும் வேறொரு காரணம். கிளை பிரியும் இடத்திலும் வேர் தொடங்கும் இடத்திலும் கட்டை நெருக்கப்பட்டு நார் மடிவது உண்டு.

கோட்டுக்கு எத்தனை முகம்?

கிட்டார் உலகில் அடிக்கடி காணப்படும் வகைகள் இவை.

புலிக்கோடு: மேலே விளக்கிய அலைநார். மேப்பிள் மரத்தில் அதிகம். வயலினின் பின்பலகையிலும் இதைப் பார்க்கலாம் என்பதால் இதற்கு வயலின் கோடு என்றும் பெயர் உண்டு. மரத்தை மையத்திலிருந்து பட்டை நோக்கிய வாக்கில் அறுத்தால்தான் கோடு தெளிவாகத் தெரியும். வேறு வாக்கில் அறுத்தால் அதே பலகை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.

பறவைக்கண்: சிறு சிறு வட்டப் புள்ளிகள். கேம்பியத்தில் ஆங்காங்கே சிறு குழிகள் விழுந்து, ஆண்டு வளையங்கள் அந்த இடங்களில் கூம்பு போல உள்வாங்குவதால் வருவது. வட அமெரிக்காவின் சர்க்கரை மேப்பிளில் அதிகம். பறவை கொத்தியதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ரிப்பன் கோடு: கழுத்தின் நீளவாக்கில் ஓடும் பட்டைகள். மரம் சில ஆண்டுகள் வலப்பக்கம் சாய்ந்த நாரையும், அடுத்த சில ஆண்டுகள் இடப்பக்கம் சாய்ந்த நாரையும் உருவாக்குவதால் வருவது. மஹோகனியிலும் ஆப்பிரிக்காவின் சப்பெலே மரத்திலும் காணலாம். இதற்குக் கிட்டார் தேடிப் போக வேண்டாம். நம் வட்டாரத்து மெரந்தியிலும் இத்தகைய பின்னல் நார் உண்டு. வீட்டில் மெரந்திக் கதவு இருந்தால் மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்.

கதிர்ப்புள்ளி: மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிக் குறுக்காக ஓடும் உயிரணுக் கதிர்கள், வெட்டுப்பட்ட முகத்தில் சிறு மினுமினுப்பாகத் தெரிவது. மேப்பிள் கழுத்தின் பக்கவாட்டில் சிறு செதில்கள் மின்னினால் அது பழுதல்ல. எல்லா மேப்பிளிலும் கதிர்கள் உண்டு.

சில வேளைகளில் ஒரே ஒரு மரம் பெயர் பெற்றுவிடுவதும் உண்டு. இன்றைய பெலிஸ் நாட்டின் சிக்கிபூல் காட்டில் 1965இல் ஒரு பிரம்மாண்டமான மஹோகனி வெட்டப்பட்டது. அது பள்ளத்தாக்குக்குள் சாய்ந்துவிட்டதால் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பிறகு துண்டு துண்டாக வெளியே கொண்டுவரப்பட்டது. ஆமை ஓடு போன்ற அதன் வரிகள் கிட்டார் செய்வோரிடையே அவ்வளவு புகழ் பெற்றதால், இன்றும் அவர்கள் அதை வெறுமனே 'அந்த மரம்' என்றே அழைக்கிறார்கள். அதன் பலகைகள் பெரும்பாலும் கிட்டாரின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் போயின. கழுத்துக்கு வேறு மரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று இப்போது பார்ப்போம்.

கழுத்து சுமக்கும் எடை

எஃகுத் தந்தி கட்டிய சாதாரண கிட்டார் ஒன்றின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆள் தொங்குவதற்குச் சமம். அதுவும் ஒரு நிமிடம் அல்ல. தந்தியைத் தளர்த்தாதவரை இரவும் பகலும், ஆண்டு முழுவதும். இதைத் தாங்கும் கழுத்தின் தடிமன், தலைப்பகுதிக்கு அருகில் இரண்டு சென்டிமீட்டரைச் சற்று ஒட்டியே இருக்கிறது.

தந்திகள் கழுத்துக்கு மேலே இருப்பதால் அவை அதை நேராக அமுக்குவதில்லை. வில் போல முன்பக்கம் வளைக்கப் பார்க்கின்றன. கழுத்து ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளைந்தாலே தந்தியை அழுத்துவது கடினமாகிவிடும், சுருதியும் பிசகும்.

இதற்காகக் கழுத்துக்குள் எஃகுத் தண்டு ஒன்றை வைத்து, திருகாணியால் முறுக்கிச் சரிசெய்யும் முறை வந்தது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ 1920களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்றொரு பழம்பெரும் நிறுவனமான மார்ட்டின், முறுக்க முடியாத உறுதித் தண்டுகளையே நெடுங்காலம் நம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் எஃகு கிடைக்காதபோது கருங்காலிக் கட்டையை உள்ளே வைத்துச் சமாளித்தது. முறுக்கக்கூடிய தண்டுக்கு அது மாறியது 1985இல்தான்.

தண்டு உதவி செய்யும். ஆனால் சுமையில் பெரும்பங்கு மரத்தின் மேல்தான் விழுகிறது.

ஒரு சிறு கணக்கு

நெளிநார் மரம் எவ்வளவு வலிமையை இழக்கிறது? அமெரிக்க வனத்துறையின் மரக் கையேட்டில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. நேர்நார்க் கட்டையின் வளைவு வலிமையை 100 என்று வைத்தால், நார் 20 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்ந்தால் வலிமை 93. சாய்வு 10க்கு 1 என்றால் 81. 5க்கு 1 என்றால் 55.

இப்போது ஒரு புலிக்கோட்டு மேப்பிளை எடுத்துக்கொள்வோம். ஓர் அலையின் நீளம் 10 மில்லிமீட்டர். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உயர வேறுபாடு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்திலிருந்து முகட்டுக்கு நார் ஏறும் தொலைவு பாதி அலை, அதாவது 5 மில்லிமீட்டர். 5க்கு 0.5, அதாவது 10க்கு 1. அட்டவணைப்படி பார்த்தால் அந்தச் சரிவுகளில் வலிமை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

பயப்பட வேண்டியதில்லை. மேப்பிள் இயல்பிலேயே உறுதியான மரம். மெல்லிய நெளிவு உள்ள மேப்பிள் கழுத்துகள் பல்லாண்டுகளாகச் சிக்கலின்றி வேலை செய்கின்றன. ஆனால் அலை ஆழமாக ஆக, சாய்வு 5க்கு 1ஐ நெருங்க நெருங்க, கண்ணுக்கு அது இன்னும் அழகாகத் தெரியும். வலிமையோ பாதியை நோக்கி இறங்கும். மிக அழகான பலகை கழுத்துக்கு மிக நல்ல பலகையாக இருப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

தலை முறிவதும் இதே காரணத்தால்தான்

கீழே விழுந்த கிட்டார் பெரும்பாலும் எங்கே முறிகிறது தெரியுமா? கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில். இதில் கோடு எதுவும் தேவையில்லை. நேர்நார் மஹோகனியிலும் இது நடக்கும்.

பல கிட்டார்களில் தலைப்பகுதி சுமார் 15 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்து முழுவதையும் ஒரே கட்டையில் செதுக்கினால், நார்கள் கழுத்தின் வாக்கில் நேராகப் போய்க்கொண்டிருக்க, தலைப்பகுதி மட்டும் அவற்றை விட்டு விலகிச் சாயும். 15 பாகை என்பது ஏறத்தாழ 4க்கு 1 சாய்வு. மேலே உள்ள அட்டவணையில் 5க்கு 1 என்றாலே வலிமை 55தான். போதாக்குறைக்கு, எஃகுத் தண்டின் திருகாணிக்காகப் பல கிட்டார்களில் அதே இடத்தைக் குடைந்தும் விடுகிறார்கள்.

தச்சர்களின் தீர்வு எளிமையானது. கட்டையைச் சாய்வாக அறுத்து, வெட்டிய துண்டைப் புரட்டிப் போட்டு ஒட்டுகிறார்கள். இப்போது தலைப்பகுதியின் நார்களும் தலைப்பகுதியின் வாக்கிலேயே ஓடுகின்றன. ஒட்டுப்போட்ட கழுத்து மலிவானது, பலவீனமானது என்று சிலர் நினைப்பதுண்டு. நன்றாக ஒட்டினால், நார்த்திசை காரணமாக அதுவே உறுதியான தேர்வு.

அழகை எங்கே வைப்பது என்பதற்கும் இதே போன்ற தீர்வு உண்டு. கழுத்தை நேர்நார் மரத்தில் செய்துவிட்டு, தலைப்பகுதியின் முகத்தில் மட்டும் நெளிநார் மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டுவார்கள். இன்னும் சிலர் மூன்று அல்லது ஐந்து பட்டைகளை அடுக்கி ஒட்டிக் கழுத்து செய்வார்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் நார் எதிரெதிராகச் சாயும்படி வைத்தால், ஒன்று முறுக்கிக்கொள்ளப் பார்க்கும்போது மற்றொன்று தடுக்கும்.

குளிரூட்டியும் கழுத்தும்

நம் நாட்டில் வெளியே ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குளிரூட்டி ஓடும் அறையில் அது வெகுவாகக் குறைகிறது. கிட்டார் தினமும் இரண்டுக்கும் நடுவே போய்வந்தால் மரம் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கும்.

ஈரம் போகும்போது மரம் சுருங்குகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை மரம் முழுவதும் உலர்ந்தால் நாரின் நீளவாக்கில் சுருங்குவது 0.1 முதல் 0.2 விழுக்காடு மட்டுமே. குறுக்குவாக்கில், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், சர்க்கரை மேப்பிள் 9.9 விழுக்காடு சுருங்குகிறது, மஹோகனி 4.1 விழுக்காடு. கழுத்து செய்ய மஹோகனியை நீண்ட காலமாக விரும்பி வந்ததன் காரணம் இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

நார் நேராக இருக்கும் வரை கழுத்தின் நீளம் மாறுவதில்லை. நார் சாய்ந்து ஓடும் இடத்தில், குறுக்குவாக்குச் சுருக்கத்தில் ஒரு பகுதி நீளவாக்கிலும் புகுந்துவிடும். திருகுநார் உள்ள கட்டை முறுக்கிக்கொள்ளும். ஆகவே நெளிநார்க் கழுத்து உள்ள கிட்டாருக்குக் கவனம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது கிட்டாருக்கு ஏற்றது. அவ்வளவு துல்லியம் வீட்டில் முடியாவிட்டாலும், வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைத்து மூடினாலே திடீர் மாற்றங்கள் பெருமளவு குறையும்.

கோடு இருந்தால் ஒலி கூடுமா?

விற்பனையாளர்கள் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் மரத்தின் விலையும் ஒலியும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்புறமும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரத்தில் அமைந்த 6 கிட்டார்களைச் செய்யச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் முதல் மேப்பிள், மஹோகனி, சப்பெலே வரை அவற்றில் இருந்தன. மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்தார்கள். 2018இல் வெளியான முடிவு: கலைஞர்கள் ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள்.

அது கழுத்தைப் பற்றிய சோதனை அல்ல. என்றாலும் அதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கண்ணை மறைத்துவிட்டுக் கேட்டால், மரத்தின் தோற்றமும் விலையும் காதில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கழுத்தின் கோட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் கண்ணுக்காகக் கொடுக்கிறார். அதில் தவறில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

அழகுக்குக் காடு கொடுக்கும் விலை

நெளிநார் உள்ளே இருக்கிறதா என்பது மரத்தின் வெளியே பார்த்தால் எளிதில் தெரியாது. அதனால் மரத் திருடர்கள் பட்டையைச் செதுக்கிப் பார்த்துவிட்டு, கோடு இல்லாவிட்டால் காயத்துடன் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பிக் தேசிய வனத்தில் 2018 ஆகஸ்ட்டில், திருட்டுத்தனமாக வெட்டவிருந்த ஒரு மேப்பிளின் அருகே குளவிக் கூடு இருந்தது. குளவிகளை விரட்ட மூட்டிய நெருப்பு காட்டுத் தீயாகி, சுமார் 3,300 ஏக்கர் எரிந்தது. பிறகு ஆய்வாளர்கள் காட்டில் எஞ்சிய மேப்பிள் அடிக்கட்டைகளின் மரபணுவை, மர ஆலைக்கு விற்கப்பட்ட பலகைகளின் மரபணுவுடன் ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தின. 2021இல் ஒருவர் மரத் திருட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மனிதக் குற்றங்களில் பயன்படும் மரபணுச் சோதனை ஒரு மரத்துக்காகவும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது.

மஹோகனியின் நிலையும் கவலைக்குரியதுதான். நடு, தென் அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மஹோகனி 2003 நவம்பர் முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் அதை நாடு விட்டு நாடு விற்க முடியாது. அதே மரத்தை நம் சாலையோரங்களில் நிழலுக்காக நட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் பெரிய பழுப்புக் காய்களைக் கண்டால் அது மஹோகனியாக இருக்கலாம்.

காட்டு மஹோகனி குறையக் குறைய வேறு மரங்கள் கழுத்துக்கு வந்தன. குறைந்த விலைக் கிட்டார்களின் விவரத்தாளில் 'நாட்டோ' என்ற பெயரைப் பார்க்கலாம். அந்தப் பெயரில் விற்கப்படும் மரங்களில் நம் வட்டாரக் காடுகளின் ஞாத்தோவும் ஒன்று. கண்ணைப் பறிக்கும் கோடு அதில் பெரும்பாலும் இருக்காது. நார் நேராக இருந்தால், கழுத்துக்கு வேண்டியது அதுதான்.

கடையில் கவனிக்க நான்கு

1. கோட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பட்டைகள் இருள்வதும் ஒளிர்வதுமாக மாறினால் உண்மையான நெளிநார். எந்தக் கோணத்திலும் அப்படியே இருந்தால் அது அச்சிட்ட படலமாக இருக்கலாம்.

2. கழுத்தின் பக்கவாட்டில் மெல்லிய ரேகைகளைப் பின்தொடருங்கள். தலையிலிருந்து உடல் வரை கழுத்துக்கு இணையாக ஓடினால் நல்லது. பாதி வழியில் சரிந்து விளிம்பைத் தாண்டி வெளியேறினால் வேறொன்றைப் பாருங்கள்.

3. தலைப்பகுதியும் கழுத்தும் சேரும் இடத்தில் சாய்வான ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

4. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, கழுத்தின் வாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் விரற்பலகையின் இரு விளிம்புகளும் இணையாகத் தெரியாது. லேசான வளைவை எஃகுத் தண்டால் சரிசெய்யலாம். முறுக்கலைப் பெரும்பாலும் அப்படிச் சரிசெய்ய முடியாது.

இவற்றில் எதற்கும் கருவி தேவையில்லை. கண்ணும் ஒரு விளக்கும் போதும். பள்ளி இசை அறையில் கிட்டார் இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு நாளையே சோதித்துப் பாருங்கள்.